பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப்? பெரிய கல்லூரி மனதில் இருப்பவர்களுக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மகள் மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்பில் 478 வாங்கியிருக்கிறாள், கணக்கு பிடிக்கும், பொருளாதாரம் படிக்க ஆசை, இயற்பியல் என்றால் முகம் சுளிக்கிறாள். பெரம்பூரில் அவள் படிக்கும் பள்ளியில் "இந்த மார்க்குக்கு பயோ மேத்ஸ்தான் சார், வேறு யோசிக்காதீங்க" என்கிறார்கள். நீங்களோ ஐஐடி, டெல்லி, முடிந்தால் வெளிநாடு என்று மூன்று பக்கமும் பார்க்கிறீர்கள், எந்தப் பாடம் எடுத்தால் விண்ணப்பம் பலமாக இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

நான் பதினெட்டு வருடம் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன். இப்போது தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொன்னால், நம் ஊரில் எந்தப் பாடமும் விண்ணப்பத்தைப் பலமாக்காது. சில பாடங்கள் இல்லாவிட்டால் சில வாசல்கள் திறக்காது, அவ்வளவுதான். ஆகவே எதை எடுத்தால் கெத்து என்று பார்ப்பதைவிட எதை விட்டால் எது போகும் என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டின் பொறியியல் கவுன்சிலிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கட் ஆஃப் 200-க்கு. கணக்கு மார்க் முழுசாக வரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணக்கு 98, இயற்பியல் 90, வேதியியல் 92 என்றால் 98 + 45 + 46, ஆக 189. இதில் நான்காவது பாடம் எங்கே? எங்குமே இல்லை. உயிரியல் எடுத்து ராத்திரி பதினோரு மணி வரை மனித உடல் படம் வரைந்த பிள்ளைக்கும், கணினி அறிவியல் எடுத்த பிள்ளைக்கும் அங்கே ஒரே தராசு. "இந்தப் பெண் கஷ்டமான குரூப் எடுத்திருக்கிறாளே" என்று யாரும் அரை மார்க் கூடப் போடுவதில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடத்தின் 400-ஐத்தான் பார்க்கிறார்கள். ஐஐடிக்கு ஜேஇஇ, மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022-லிருந்து சியூஇடி. எல்லாமே தேர்வு மதிப்பெண்தான். பாடம் நுழைவுச்சீட்டு மாதிரி, கையில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பார்கள்.

அந்தச் சீட்டுகளில் பெரியது கணக்கு. கணக்கு இல்லாவிட்டால் பொறியியல் போச்சு, கட்டிடக்கலை போச்சு, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் (ஐஎஸ்ஐ) பி.ஸ்டாட், பி.மேத் போச்சு, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆனர்ஸும் போச்சு. ப்யூர் சயின்ஸ் எடுத்த ஒரு பையன் என்னிடம் வந்திருந்தான். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். டாக்டர் ஆகியே தீருவான் என்று வீட்டில் முடிவு. இரண்டு முறை நீட் எழுதினான், வரவில்லை. அதற்குள் அவனுக்குப் புள்ளியியல் மேல் ஒரு ஈர்ப்பு வந்திருந்தது, கிரிக்கெட் ஸ்கோர்களை வைத்து ஏதேதோ அட்டவணை போட்டுக்கொண்டிருப்பான். விண்ணப்பத் தகுதிப் பக்கத்தை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். "பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம்" என்ற வரி வந்ததும் அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். கெட்டிக்காரப் பையன்தான். பதினைந்து வயதில் மற்றவர்கள் போட்ட ஒரு டிக்தான் அவனை நிறுத்தியது.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது: "அப்போ காமர்ஸில் பிசினஸ் மேத்ஸ் இருக்கே, அது கணக்குதானே?"

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், உங்கள் மகள் விஷயத்தில் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. வணிகக் கணிதம் மோசமான பாடம் என்று நான் சொல்ல மாட்டேன். அணிகள், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்ணியல் முறைகள், நிகழ்தகவுப் பரவல்கள், கூறெடுப்பு என்று அதில் நல்ல சரக்கு இருக்கிறது. பொருளாதாரம் படிக்கப்போகிறவருக்கு அந்தப் புள்ளியியல் பகுதி சாதாரணக் கணக்குப் புத்தகத்தைவிட நேரடியாகவே உதவும். ஆனால் கலப்பு எண்கள் இல்லை, சமன்பாட்டியல் இல்லை, வெக்டர் இயற்கணிதம் இல்லை. காமர்ஸ் மாணவன் ஒருவன் ஐஎஸ்ஐ எழுத ஆசைப்பட்டு வந்தபோது பழைய கேள்வித்தாளை முன்னால் வைத்தேன். முதல் இரண்டு கேள்வியைப் பரவாயில்லாமல் போட்டான். அடுத்து ஒரு கலப்பு எண் கேள்வி. "சார், இந்த ஐ-ன்னா என்ன? எங்க புக்கிலேயே இல்லையே" என்றான். புத்தகத்தில் இல்லாததைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம்தான். ஆனால் விண்ணப்பத்தில் 'கணிதம்' என்று கேட்கிற இடத்தில் மதிப்பெண் பட்டியலில் 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்று இருந்தால், அதை ஏற்பதா வேண்டாமா என்று எங்கோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வார். அந்த முடிவை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்.

சிபிஎஸ்இ பக்கமும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. அங்கே கணிதத்துக்குக் குறியீடு 041, அப்ளைடு மேத்ஸுக்கு 241. டெல்லிக்கு சியூஇடி எழுத இரண்டுக்கும் ஒரே தாள், உள்ளே பிரிவு மட்டும் மாறும். பொறியியலுக்கு 241 உதவாது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதை 041-க்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளியில் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று வாய் வார்த்தையாகச் சொல்வார்கள், படிவத்தில் எந்த எண் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இப்போது டெல்லி. பொருளாதாரம் படிக்க வேண்டும் என்றால் பதினொன்றில் பொருளியல் எடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் பொருளாதார ஆனர்ஸுக்குக் கேட்பது ஒரு மொழி, கணிதம், அதோடு வேறு ஏதாவது இரண்டு பாடங்கள். அந்த இரண்டு இயற்பியலும் வேதியியலுமாக இருந்தாலும் அவர்களுக்குச் சம்மதம். பி.காம் ஆனர்ஸுக்கும் கணிதம் அல்லது கணக்குப் பதிவியல், இரண்டில் ஒன்று போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பன்னிரண்டில் படித்த பாடத்தில்தான் சியூஇடி எழுதியிருக்க வேண்டும் என்பது டெல்லியின் விதி. "அங்கே போய் சைக்காலஜி எழுதிக்கிறேன், ஈஸியாம்" என்று கிளம்புகிற பிள்ளைகள் இந்த வரியில்தான் மாட்டுகிறார்கள்.

ஆக, பொருளாதார ஆசை உள்ள பெண்ணுக்கு முதல் குரூப் (கணக்கு, இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணினி அறிவியல்) தடையே இல்லை, காமர்ஸ்தான் சில இடங்களில் தடை. கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் மாநில வாரியத்தில் நிலைமை இதுதான். முழுக் கணிதமும் பொருளியலும் சேர்ந்த பிரிவு நம் பள்ளிகளில் கிடைப்பது அரிது. சிபிஎஸ்இயில் கணிதம், பொருளியல், அக்கவுண்டன்சி, பிசினஸ் ஸ்டடீஸ் என்று ஒரே கூடையில் கொடுக்கிற பள்ளிகள் சென்னையில் நிறைய இருக்கின்றன. மகள் மாறத் தயார், கட்டணமும் உங்களுக்குத் தாங்கும் என்றால் அவளுக்கு அதுதான் பொருத்தமான சட்டை. மாறுகிற முதல் மூன்று நான்கு மாதம் ஆங்கிலத்தில் விடை எழுதும் முறை, பாடப்புத்தகம், எல்லாமே புதிதாக இருக்கும், அரையாண்டில் மார்க் சரியும். அப்போது வீட்டில் யாரும் புலம்பாமல் இருக்க வேண்டும், அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாற முடியாது என்றால் முதல் குரூப், கணினி அறிவியலுடன். உயிரியல் வேண்டாம்.

பள்ளி ஏன் பயோ மேத்ஸைத் தள்ளுகிறது என்று எனக்குத் தெரியும், நானும் அந்த அறையில் உட்கார்ந்து தள்ளியவன்தான். நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் ஏ செக்‌ஷன் பெயர் நிற்கும், அடுத்த வருடம் பேனரில் போட முகம் கிடைக்கும். பெற்றோருக்குச் சொல்லும் காரணம் "ரெண்டு கதவும் திறந்திருக்கும்". டாக்டரா இன்ஜினியரா என்று நிஜமாகவே தெரியாத பிள்ளைக்கு அது நியாயமான காரணம். உங்கள் மகளுக்கு அந்தச் சந்தேகமே இல்லையே. நீட்டில் 720-க்கு 360 உயிரியல். அதை எழுதப்போகாதவள் இரண்டு வருடம் அந்தப் புத்தகத்தைச் சுமப்பது, கணக்குக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை வேறு எங்கோ கொட்டுவதுதான். பின்னால் மனசு மாறினால்? மாறட்டும். பன்னிரண்டு முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் சொல்லிவிட்டது. சுற்று வழிதான், ஆனாலும் வழி இருக்கிறது.

இயற்பியல் பிடிக்கவில்லை என்கிறாள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு விஷயம். பத்தாம் வகுப்பு இயற்பியல் பெரும்பாலும் வரையறை, வேறுபடுத்துக, படம் வரைந்து பாகம் குறி. பதினொன்றில் இரண்டாவது அலகே இயக்கவியல், வெக்டரும் வகையிடுதலும் அங்கேயே வந்துவிடும். கணக்கு பிடித்த பிள்ளைகள் சிலருக்குப் பத்தில் கசந்த இயற்பியல் பதினொன்றில் இனித்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். சீனியர் யாரிடமாவது அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் அந்த அலகை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். முகம் அப்போதும் சுளித்தால் சிபிஎஸ்இ காமர்ஸ், 041-உடன்.

கணக்கு பிடிக்கும் என்பதையும் சோதித்துப் பார்க்கலாம், மார்க்கை வைத்துச் சொல்ல முடியாது. நான் வருகிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன்: 1 முதல் 100 வரை 3-ஆல் அல்லது 5-ஆல் வகுபடும் எண்கள் எத்தனை? சிலர் உடனே 33-ம் 20-ம் கூட்டி 53 என்பார்கள். "15-ஐ எத்தனை தடவை எண்ணினே?" என்று கேட்டால் சிலர் "ஓ, ஆமா" என்று அந்த ஆறு எண்களைக் கழித்து 47 சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்கள். வேறு சிலர் பேனாவைக் கீழே வைக்காமல், "7-ஐயும் சேர்த்தா என்ன ஆகும் சார்?" என்பார்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளை சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் நிறுவனத்துக்கும் ஐஎஸ்ஐக்கும் எழுதச் சொல்லி நானே துரத்துவேன். இரண்டிலும் தனி நுழைவுத் தேர்வு. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மார்க் உங்களைத் தூக்கிவிடாது, தேர்வு அறையில் யோசிப்பதுதான் எல்லாமே. நம் ஊரில் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பாதிப் பெற்றோருக்கு சிஎம்ஐ பெயரே தெரியவில்லை என்பது எனக்கு ஒரு தீராத வருத்தம்.

மொழிப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு, சமஸ்கிருதம் எடுத்தால் நூற்றுக்கு நூறு என்று சென்னையில் ஒரு பழக்கம். கட் ஆஃபுக்கு மொழி மார்க் கணக்கிலேயே இல்லை என்று மேலே சொன்னேன். ஐஐடியில் சேர ஐந்து பாடத்தில் 75 சதவீதம் கேட்கும்போது ஒரு மொழி உள்ளே வரும், ஆனால் 478 எடுத்த பெண்ணுக்குத் தமிழில் 75 வராதா என்ன? அவளுக்குத் தமிழ் நன்றாக வருகிறது என்றால் விட்டுவிடுங்கள், இருக்கட்டும்.

சட்டம், டிசைன் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு குரூப் ஒரு பொருட்டே இல்லை. கிளாட் தேர்வு 120 கேள்வி, இரண்டு மணி நேரம், எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். முழுக்க வாசிப்பு வேகம்தான். ஐஐஎம் இந்தூரின் ஐந்தாண்டுப் படிப்பும் எல்லாப் பிரிவுக்கும் திறந்தது, ஆனால் தேர்வில் கணக்கு நிறைய. வரலாறு குரூப்பை "மார்க் இல்லாதவங்க எடுக்கிறது" என்று பேசுகிற வாய்களை என்ன செய்வது? வக்கீலாகப்போகிற பிள்ளை வேதியியல் சமன்பாடு மனப்பாடம் செய்வதைவிட வரலாறு படிப்பது எவ்வளவோ மேல்.

வெளிநாடு என்றீர்கள். அங்கேதான் கொஞ்சம் கதை மாறுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், உங்கள் பள்ளியில் கிடைக்கிற பாடங்களில் கஷ்டமானதை எடுத்தீர்களா என்று உண்மையிலேயே பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து போகிற விவரக்குறிப்பில் என்னென்ன பிரிவு இருக்கிறது என்பதும் போகும். எம்ஐடி மாதிரி இடங்கள் நுண்கணிதம் வரை கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாமே ஓரளவு படித்திருப்பதை எதிர்பார்க்கின்றன. பிரிட்டனில் விஷயம் நேர்: எந்தப் படிப்போ அதற்கான பாடம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரத்துக்குக் கணக்கு கட்டாயம், பொருளாதாரம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கேயும் இல்லை. கேம்பிரிட்ஜில் கணிதம் என்றால் ஸ்டெப் என்ற தனித் தேர்வு. மாநில வாரிய மாணவர்களிடம் சில பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சிபிஎஸ்இயைவிடக் கூடுதல் சதவீதம் கேட்கும், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கட்டணம் குறைவு என்று கிளம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நம் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் அங்கே நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருந்தால் பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு நேராக விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் இங்கே ஒரு வருடம் கல்லூரி முடிக்க வேண்டும், அல்லது அங்கே ஆயத்தப் படிப்பில் சேர வேண்டும்.

சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனைகளுக்குத் தேதி கேளுங்கள். "ஐஐடி மெட்ராஸில் ஆர்ட்ஸ் இருக்கே, ஐந்து வருட எம்.ஏ., எந்த குரூப்பும் எழுதலாம்" என்று போன மாதம்கூட ஒரு மாமா என்னிடம் வாதாடினார். பன்னிரண்டு முடித்தவர்களுக்கான அந்த நுழைவுத் தேர்வை நிறுத்தி, எம்.ஏ.வை இரண்டாண்டுப் படிப்பாக மாற்றிச் சில வருடம் ஆகிறது. பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு வழியாக இருந்த கேவிபிஒய் தேர்வும் 2022-ல் போய்விட்டது. இப்போது எந்தப் பிரிவு மாணவரும் எட்டிப் பார்க்கக்கூடியது ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். அதற்குப் பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் தகுதித் தேர்வுக்குப் போகலாம். உங்கள் மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பள்ளி. குரூப்பைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு ஜூலையிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கிற வழக்கம் நம் பல தனியார் பள்ளிகளுக்கு உண்டு. அதை நிறுத்தத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தார்கள். 2025-26-லிருந்து அந்தப் பொதுத்தேர்வு கிடையாது என்றாகிவிட்டது, பழைய பழக்கம் திரும்ப எவ்வளவு நாள் ஆகும்? ஜேஇஇ, ஐஎஸ்ஐ, சிஎம்ஐ எல்லாமே பதினொன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து தாராளமாகக் கேட்கும். சேர்க்கைக்குப் போகும் அன்று கட்டணம் எவ்வளவு, பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டு முடித்த பிறகு, கணக்கு ஆசிரியர் யார் என்று கேட்டு அவரையே பார்த்து, "பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எந்த மாதம் முடிப்பீங்க?" என்று கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் பணத்தைக் கட்டுங்கள். "அதெல்லாம் செப்டம்பர்லயே முடிச்சிடுவோம் சார்" என்று பெருமையாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்கு வண்டியைத் திருப்புங்கள்.